முழுக்கோழியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காரம் பூசிச் சுடுவது: ராமநாதபுரம் கரைப்பக்கம் கேட்கும் கேள்விகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் கரையோடு நிற்கும். நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை கையைக் கடிக்கும். அந்த இரண்டு மாதமும் எங்கள் பக்கம் கோழிக்கடையில்தான் கூட்டம். வீட்டில் முழுக்கோழி சுட்டு விற்கும் எனக்கும் அப்போதுதான் வேலை அதிகம். அப்புறம் பெருநாளும், தங்கச்சிமடம் பக்கத்து வீடுகளின் கிறிஸ்துமஸும். வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன மசாலா போடுறீங்கக்கா?" என்பதுதான். மசாலாவை ஒளிக்காமல் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் கோழி ருசியாக அமைவது முந்தின நாள் ராத்திரி எடைபோட்டுப் போடும் உப்பில். அதனால் உப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

உப்புத் தண்ணியில ஊறப்போட்டா கோழிக்குள்ள என்னதான் நடக்குது?

கோழியின் நெஞ்சுக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர்தான். சூடு ஏற ஏறக் கறியின் நார்கள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். முழுக்கோழி சுடும்போது தொடை வேகிறவரை காத்திருந்தால் நெஞ்சு சக்கையாகிவிடுவது இதனால்தான்.

அளவான உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் கிடந்த கோழியில் உப்பு மெல்ல உள்ளே இறங்குகிறது. இறங்கிய உப்பு, நார்களில் இருக்கும் மயோசின் என்ற புரதத்தின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. தளர்ந்த நார் உப்பிக்கொண்டு கூடுதல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அடுப்பில் சுருங்கும்போதும் முன்போல இறுகிப் பிழியாது. கறிக்கு உள்ளேயே உப்பு இருப்பதால், தோலில் மட்டும் உறைப்பும் உள்ளே சப்பென்றும் இருக்கும் குறையும் தீர்ந்துவிடும்.

கருவாட்டுக்கு உப்புப் போட்டா மீன் காஞ்சு போகுது. அதே உப்பு கோழியில மட்டும் எப்படி ஈரத்தைக் காக்கும்?

கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா) கேட்ட கேள்வி இது. கரையில் பிறந்தவர்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். விடை அளவில் இருக்கிறது.

கருவாட்டுக்கு மீனை உப்பிலேயே புதைக்கிறோம். மூன்று நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்புகூடப் போகும். அங்கே உண்டாகும் உப்புநீர் அநேகமாக முழுச்செறிவு கொண்டது. அதற்குமேல் ஒரு கல்லுப்பும் கரையாது. ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 360 கிராம் கரைந்த நிலை அது. அத்தனை உப்பு பட்டால் புரதம் உப்பாது. ஒன்றோடொன்று இறுகித் தண்ணீரை வெளியே விட்டுவிடும். மிச்ச ஈரத்தை வெயில் இழுத்துக்கொள்ளும்.

கோழிக்கு நாம் வைப்பது லிட்டருக்கு 50 கிராம். கருவாட்டு உப்புநீரில் ஏழில் ஒரு பங்கு. இந்த அளவில் நார் விரியும், தண்ணீரைப் பிடிக்கும். அளவு ஏற ஏற அதே உப்பு கறியை இறுக்கத் தொடங்கும். தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதற்காகத்தான்.

சரி, கணக்கைச் சொல்லுங்க. எவ்வளவு தண்ணி, எவ்வளவு உப்பு, எத்தனை மணி நேரம்?

சுத்தம் செய்தபின் 1.4 கிலோ நிற்கும் கோழிக்கு:

தண்ணீர் 3 லிட்டர்
உப்பு 150 கிராம்
கருப்பட்டி 75 கிராம்
நேரம் 8 முதல் 12 மணி

ஒரு லிட்டர் தண்ணீரை மட்டும் கொதிக்கவிட்டு உப்பையும் தட்டிய கருப்பட்டியையும் கரையுங்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியாக இருந்தாலும் கட்டாயம் வடிகட்டவேண்டும். அடியில் மணல் தங்கும். மீதி இரண்டு லிட்டரைக் குளிர்ந்த தண்ணீராகவே ஊற்றினால் சீக்கிரம் ஆறும். அப்புறம் ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகச் சில்லென்று ஆனபிறகே கோழியை இறக்குங்கள். இளஞ்சூட்டில் இறக்கினால் கிருமிகளுக்குக் கூடு கட்டிக் கொடுத்த மாதிரி. கோழி மிதந்தால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கிவிடலாம்.

12 மணி தாண்டவேண்டாம். 3 லிட்டர் தண்ணீரும் 1.4 கிலோ கோழியும் சேர்ந்து 4.4 கிலோ; அதில் 150 கிராம் உப்பு. இரண்டு நாள் விட்டுவிட்டால் கறிக்குள்ளும் வெளித் தண்ணீரிலும் உப்பு சமமாகி, கறி நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பை நெருங்கும். வாயில் வைக்க முடியாது.

என் கையால் ஒருமுறை அப்படிக் கெட்டது. கல்லுப்பு தீர்ந்துபோய், அதே டம்ளரால் தூளுப்பை அளந்துவிட்டேன். கல்லுப்புக்கு நடுவே காற்று நிற்கும். தூளுப்பு அடைந்து நிற்கும். அதனால் அதே டம்ளருக்கு எடை நன்றாகக் கூடிவிட்டது. கோழி பார்க்க அழகாகச் சிவந்திருந்தது. வாங்கிப்போன வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேருக்கு ரத்தக்கொதிப்பு. அவர்களால் ஒரு துண்டுக்குமேல் தொடமுடியவில்லை என்று போன் வந்தபோது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாளே 300 ரூபாய்க்கு ஒரு மின்தராசு வாங்கினேன். அன்றிலிருந்து டம்ளர் கணக்கு என் அடுப்படியில் இல்லை.

கடல் தண்ணியிலேயே ஊறப்போடலாமா? வாசல்ல கடல் கிடக்கே?

கூடாது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு. கேட்க நம் அளவுக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். அதில் சமையல் உப்பு தவிர மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் ஒரு கசப்பு இருக்கும். உப்பளத்தில் பாத்தியில் உப்பு விளைந்ததும் அடிநீரை வடித்து விடுவதே அந்தக் கசப்பு போகத்தான். அதைவிட முக்கியம், கரையோரத் தண்ணீரில் படகு டீசலும் ஊர்ச் சாக்கடையும் கலக்கின்றன. சமையலுக்கு அது ஆகாது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். ஊறவைக்கக் காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லுப்பா, தூளுப்பா?

எடைபோட்டால் இரண்டும் ஒன்றுதான். வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் தமிழ்நாடு உப்பு நிறுவனம் 1974-ல் தொடங்கியது. அவர்கள் 2022-ல் கொண்டுவந்த நெய்தல் உப்பைத்தான் நான் பயன்படுத்துகிறேன். பக்கத்து மண்ணின் உப்பு என்ற பிரியம் தவிர அதில் தனிக் காரணம் இல்லை. அயோடின் சேர்ந்த உப்பால் கோழிக்கு ருசிக்குறைவு எதுவும் வராது.

தண்ணியிலேயே பட்டை, கிராம்பு, மிளகாய், எலுமிச்சை எல்லாம் போட்டா உள்ளவரைக்கும் இறங்குமா?

உப்பு இறங்கும், சர்க்கரை கொஞ்சம் இறங்கும். பட்டை, கிராம்பு வாசனையெல்லாம் தோலோடும் மேல்கறியோடும் நின்றுவிடும். 20 ரூபாய்க்கு ஏலக்காய் போட்டு அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவதைவிட, அதே ஏலக்காயைக் கடைசியில் கோழிமேல் பூசும் மிளகாய் சாஸில் அரைத்தால் நாக்கில் தெரியும். நான் ஆறு பல் பூண்டைத் தட்டி, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவேன். அவ்வளவுதான்.

எலுமிச்சை, புளி, வினிகர் மூன்றையும் ஊறும் தண்ணீரில் சேர்க்கவேண்டாம். ராத்திரி முழுக்கப் புளிப்பில் கிடந்த கோழியின் மேல்கறி வெளுத்து, மாவுபோல் உதிரும். மோர் மட்டும் இதற்கு விலக்கு, மென்மையான புளிப்புதான். பாதித் தண்ணீர், பாதி மோர் என்று வைத்து அதே உப்புக் கணக்கில் 8 மணி நேரம் ஊறினால் கறி பூப்போல இருக்கும். ஆனால் மோரில் ஊறிய தோல் சீக்கிரம் கருகும், பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

கடையில எந்தக் கோழி கேட்டு வாங்கணும்? நாட்டுக்கோழி சரிவருமா?

நம் ஊர்க் கடைகளில் கேட்பதற்கு முன்பே தோலை உரித்துவிடுவார்கள். கோழியைத் தராசில் வைக்கும்போதே, "அண்ணே, தோலோட முழுசா வேணும், துண்டு போட்றாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். தோல் இல்லாத கோழியை இந்த முறையில் சுட்டால் மேல்கறி வறண்டு தோல்பட்டை மாதிரி ஆகிவிடும். அக்குளிலும் வாலடியிலும் மயிர்க்குருத்து மிச்சம் இருக்கும். கேஸ் தீயில் ஒரு வாட்டு வாட்டினால் போய்விடும். கழுத்தடியில் தொங்கும் தோலை வெட்டிவிடாதீர்கள், சுட்டபின் அதற்குத்தான் பிள்ளைகள் சண்டை போடும்.

பிராய்லர் ஆறு வாரம் போல வளர்ந்தது, நார் இளசு. 1.2 முதல் 1.5 கிலோவுக்குள் இருப்பதே நல்லது. இரண்டு கிலோவுக்கு மேல் போனால் நெஞ்சு காய்ந்துபோன பிறகுதான் தொடை வேகும்.

நாட்டுக்கோழிக்கு ருசி அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஓடித் திரிந்த கோழியின் தொடையில் நாரும் சவ்வும் முறுக்கேறிக் கிடக்கும். அது கரைய ஈரச்சூட்டில் நெடுநேரம் வேகவேண்டும். முற்றிய நாட்டுக்கோழியைக் குழம்புக்கே விடுங்கள். முட்டைக்கு வராத வெடக்கோழி, ஒரு கிலோவுக்குள் கிடைத்தால் சுடலாம். அதற்கு உப்புத் தண்ணீரில் 6 மணி நேரம் போதும்.

மஞ்சப்பொடி போட்டு நல்லா கழுவிட்டுத்தானே ஊறப்போடணும்?

எங்கள் அம்மாச்சி காலத்திலிருந்து அப்படித்தான். ஆனால் குழாயடியில் பச்சைக் கோழியை அலசும்போது தெறிக்கும் துளிகளோடு சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் பக்கத்தில் இருக்கும் பாத்திரத்திலும் காய்கறியிலும் போய் உட்காரும். கோழிமேல் இருப்பது அடுப்புச் சூட்டில் செத்துவிடும். வெள்ளரிக்காய்மேல் தெறித்தது சாகாது. கழுவாமல் மனசு கேட்கவில்லை என்றால் குழாயைத் திறந்துவிடாமல் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள்ளேயே முக்கி எடுங்கள். தண்ணீரை மெதுவாகச் சாய்த்துவிட்டுத் தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சளைப் பிறகு தோலில் தடவிக்கொள்ளலாம்.

எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் சின்னது. மூணு லிட்டர் பாத்திரம் உள்ள போகாது. வெளிய வச்சா என்ன?

நம் ஊர் வெக்கைக்கு வெளியே வைக்கவே கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் பெருகும். லிட்டருக்கு 50 கிராம் உப்பு அவற்றைத் தடுக்காது. இந்த உப்பு ருசிக்கும் ஈரத்துக்கும் மட்டும்தான், கெடாமல் காக்கும் உப்பு கருவாட்டு அளவில் இருக்கவேண்டும்.

இதற்கு நல்ல மாற்று, தண்ணீரே இல்லாமல் உப்பைத் தடவி வைப்பது. ஃப்ரிட்ஜ் சின்னதாக இருக்கும் வீடுகளுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 1.4 கிலோ கோழிக்கு 20 கிராம் தூளுப்பு, அரை ஸ்பூன் மிளகுத்தூள். நெஞ்சுப் பக்கத் தோலுக்கு அடியில் விரலை மெல்ல நுழைத்தால் தோல் கிழியாமல் பைபோலப் பிரியும். உப்பில் பாதியை அந்தப் பைக்குள் தடவுங்கள், மீதியைத் தொடையிலும் வயிற்றுக்குள்ளும். தட்டில் வைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். தோலெல்லாம் வேர்த்ததுபோல முத்துமுத்தாக நீர் நிற்கும். ஐயோ, தண்ணீர் விட்டுவிட்டதே என்று துடைத்துவிடாதீர்கள். அந்த நீரில்தான் உப்பு கரைந்திருக்கிறது. காலையில் பார்த்தால் நீர் திரும்பக் கறிக்குள் போய், தோல் காகிதம்போலக் காய்ந்திருக்கும். 12 மணி நேரம் குறையாமல், 24 மணி வரை வைக்கலாம். தண்ணீரில் ஊறியதுபோல நெஞ்சு சாறு ஒழுகாது என்றாலும் கோழி ருசி இதில்தான் கெட்டியாக இருக்கும். எனக்குப் பிடித்ததும் இதுவே.

கரண்ட் போயிட்டா? மீன் பெட்டியில ஐஸ் போட்டு வைக்கலாமா?

தெர்மாகோல் பெட்டி நல்ல யோசனை. ஆனால் மீனுக்கு வாங்கும் ஐஸ் கட்டியைக் கோழித் தண்ணீருக்குள் போடாதீர்கள். அது குடிநீரில் உறையவைத்தது என்று நம்பமுடியாது, உருகினால் உப்பு அளவும் கெட்டுவிடும். கெட்டியான பையில் உப்புத் தண்ணீரோடு கோழியைப் போட்டுக் காற்றில்லாமல் கட்டி, அதைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் மேலேயும் ஐஸ் நிரப்புங்கள். மீன் நாற்றம் ஏறாத புதுப் பெட்டியாக இருக்கட்டும்.

தோல் மொறுமொறுன்னு வரவே மாட்டேங்குது. ரப்பர் மாதிரி இழுக்குது.

ஈரம். உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த கோழியின் தோல் தண்ணீர் குடித்திருக்கும். அது ஆவியாகித் தீரும்வரை தோல் வேகுமே தவிரப் பொரியாது. எடுத்ததும் சுத்தமான பருத்தித் துணியால் உள்ளும் புறமும் ஒற்றி எடுத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் 6 மணி நேரமாவது வையுங்கள். கீழே தட்டு இருக்கட்டும், பக்கத்தில் திறந்த சாப்பாடு எதுவும் வேண்டாம். கடற்காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வெளியே ஃபேனடியில் காயவைத்து நமக்குப் பலன் கிடைக்காது, ஃப்ரிட்ஜ் காற்றுதான் வறண்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊறப்போட்டு, சனிக்கிழமை காலை எடுத்துக் காயவைத்து, சனி மாலை சுடுவது என் வழக்கம்.

சாஸுக்கு என்ன மிளகாய்? அளவோட சொல்லுங்க.

நம்ம முண்டு மிளகாய்தான். குண்டு மிளகாய் என்றும் சொல்வோம். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக விதைத்து, மாசியில் பழம் எடுக்கத் தொடங்கி, களத்தில் காயவைக்கிற மிளகாய். தோல் தடிப்பாக இருப்பதால் அரைத்தால் சாஸ் தானாகக் கெட்டிப்படும். சோளமாவு எதுவும் தேவையில்லை. சிவப்பு மினுமினுப்பும் தானே வரும், கலர்ப்பொடியை அடுப்படிக்குள் விடாதீர்கள்.

முண்டு மிளகாய் 15
சின்ன வெங்காயம் 12
பூண்டு 10 பல்
மிளகு 1 ஸ்பூன்
சீரகம் அரை ஸ்பூன்
ஏலக்காய் 2
புளி நெல்லிக்காய் அளவு
கருப்பட்டி 25 கிராம்
நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி
உப்பு அரை ஸ்பூன், அதற்குமேல் வேண்டாம்

மிளகாயைக் காம்பு கிள்ளி, உடைத்து, விதையில் பாதியை உதறிவிட்டு, வெந்நீரில் அரைமணி ஊறவிடுங்கள். காரம் விதையில் இல்லை; விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில்தான் கேப்சைசின் இருக்கிறது. காரம் குறையவேண்டுமென்றால் அந்த வெள்ளையைச் சுரண்டி எடுக்கவேண்டும். கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, கேப்சைசின் எண்ணெயில்தான் கரையும். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு.

வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், ஏலக்காயை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, மிளகாயோடு சேர்த்து ஊறிய தண்ணீரையே விட்டு மைபோல அரையுங்கள். மீதி எண்ணெயைக் காயவிட்டு, கறிவேப்பிலை கிள்ளிப்போட்டு, விழுதைக் கொட்டிச் சிறுதீயில் கிளறுங்கள். முதலில் மிளகாயின் பச்சை நெடி மூக்கில் ஏறும், இருமல் வரும். பத்து நிமிடத்தில் அந்த நெடி மாறி, வறுத்த வெங்காய வாசம் எழும்பும். ஓரத்தில் சிவப்பு எண்ணெய் பிரியும். அப்போதுதான் புளிக்கரைசலும் கருப்பட்டிக் கரைசலும் ஊற்றவேண்டும். கரண்டியின் முதுகில் பூசினதுபோல ஒட்டி நின்றால் பதம்.

இறக்கியதும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். அது சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள. வேகாத கோழியில் பட்ட பிரஷை அந்தக் கிண்ணத்தில் முக்கவே கூடாது.

சாஸைத் தடவித்தானே அடுப்புல வைக்கணும்? எனக்கு எப்பவும் கருகிப் போகுது.

கருகுவது கருப்பட்டியும் வெங்காயமும். தொடக்கத்திலேயே பூசினால் கோழி பாதி வேகும்முன் மேலே கரி பிடித்துவிடும். முதலில் வெறும் எண்ணெயும் மஞ்சளும் தடவிச் சுடுங்கள். வெந்து முடிய 15 நிமிடம் இருக்கும்போது ஒரு பூச்சு, ஏழெட்டு நிமிடம் கழித்து இன்னொரு பூச்சு. முதல் பூச்சு காய்ந்து ஒட்டிக்கொண்ட பிறகே அடுத்ததைப் பூசுங்கள், இல்லாவிட்டால் வழிந்து தட்டில் போய்க் கருகும். இந்த மெல்லிய இரண்டு பூச்சுக்குள் வரும் பளபளப்பு ஒரே தடிப்பூச்சில் வராது.

ஓவன்ல எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

220 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றி, 20 நிமிடம். அப்புறம் 180-க்குக் குறைத்து 40 முதல் 50 நிமிடம். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி கோழிக்கு மிக அருகில் இருக்கும். அடித்தட்டில் வையுங்கள், நெஞ்சு சீக்கிரம் சிவந்தால் மேலே அலுமினியத் தாள் போர்த்துங்கள். முழுதாக உள்ளே நிற்காவிட்டால் கத்தரியால் முதுகெலும்பை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, புத்தகம்போல விரித்து, நெஞ்செலும்பில் ஓங்கி ஒரு அழுத்து அழுத்துங்கள். தட்டையான கோழி 200 டிகிரியில் 45 நிமிடத்துக்குள் வெந்துவிடும், நெஞ்சும் தொடையும் ஒன்றாகவே வேகும்.

வயிற்றுக்குள் சோறோ முட்டையோ அடைக்காதீர்கள். உள்ளே சூடு போக நேரமாகி, அதற்குள் நெஞ்சு காய்ந்துவிடும். அரை எலுமிச்சையும் நான்கு பல் பூண்டும் போதும்.

எங்க வீட்டுல ஓவனே இல்ல.

எனக்கும் முதல் இரண்டு வருஷம் இல்லை. கனமான தேக்சாவும், தட்டையான இரும்பு மூடியும் இருந்தால் போதும். தேக்சாவின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் ஒரு இரும்பு வளையம், வளையத்தின்மேல் தட்டு, தட்டில் கோழி. மூடிபோட்டு, பிரியாணிக்குத் தம் கட்டுவதுபோல ஓரத்தை மைதாமாவால் அடையுங்கள். கீழே நிதானமான தீ, மூடிமேல் நிறையக் கங்கு.

கங்குக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. சீமைக்கருவேலம் நிலத்துக்குக் கேடு என்று சொல்லி வெட்டினாலும், மூட்டம் போட்டு எடுக்கிற அதன் கரி நின்று எரியும், தீ சீக்கிரம் தணியாது. கரி முழுக்கச் சிவந்து மேலே சாம்பல் பூத்த பிறகே மூடியில் ஏற்றுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை புதுக்கங்கு மாற்றவேண்டும். ஒன்றேகால் மணி நேரம் கழித்து மாவை உடைத்துத் திறந்து, சாஸ் பூசி, மேலே மட்டும் கங்கு வைத்து இன்னும் 15 நிமிடம். சிரட்டை ஒன்றிரண்டைக் கடைசியில் கங்கோடு சேர்த்தால் சூடு சட்டென்று ஏறி நிறம் பிடிக்கும். இதை வாசலிலோ மொட்டைமாடியிலோ செய்யுங்கள். மூடின அறைக்குள் கரி எரித்தால் உயிருக்கு ஆபத்து.

அடியில் போட்ட உப்பை ஆறவைத்து அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாம். குழம்புக்குப் போடாதீர்கள்.

வெந்துருச்சான்னு எப்படித் தெரியும்? எலும்புப் பக்கம் சிவப்பா இருந்தா வேகலையா?

குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்தினால் 74 டிகிரி காட்டவேண்டும். நெஞ்சிலும் அதேதான். 68 வந்ததுமே சாஸ் பூசத் தொடங்குவேன், பூசி முடிக்கையில் 74 தொட்டுவிடும்.

பிராய்லர் இளங்கோழி என்பதால் எலும்பு முற்றியிருக்காது; மஜ்ஜையின் நிறம் கசிந்து, நன்றாக வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவந்து தெரியலாம். நிறத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். வெப்பமானி சொல்வதே கணக்கு. அது கையில் வரும்வரை, காலைப் பிடித்து அசைத்தால் மூட்டு குழைந்து கழலவேண்டும், தொடையில் குத்தினால் வடியும் சாறு ரத்த நிறம் இல்லாமல் தெளிந்திருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் இன்னும் பத்து நிமிடம் வையுங்கள்.

இறக்கியதும் வெட்டாதீர்கள். 15 நிமிடம் அப்படியே இருக்கட்டும். சுடச்சுட வெட்டினால் ராத்திரியெல்லாம் பாடுபட்டு ஏற்றிய சாறு பலகையில் ஓடிவிடும்.

எங்க வாப்பாவுக்கு பிரஷர் இருக்கு. அவங்க சாப்பிடலாமா?

மருத்துவர் உப்பைக் கட்டாயம் குறைக்கச் சொல்லியிருந்தால் ஊறவைத்த கோழி அவருக்கு வேண்டாம். அவருக்கென, ஊறப்போடும் முன்பே கோழியின் ஒரு காலைத் தனியே எடுத்து வைத்து, உப்பில்லாமல் மிளகும் பூண்டும் எலுமிச்சையும் தடவி, அதே தட்டின் ஓரத்தில் சுடுங்கள். சாஸிலும் உப்புச் சேர்க்கும் முன்பே அவருக்கு ஒரு கரண்டி எடுத்துவிடலாம். ஊறின கோழியைத் தண்ணீரில் அலசினால் உப்புப் போய்விடும் என்று சொல்வார்கள். மேலே ஒட்டியிருப்பதுதான் போகும், உள்ளே இறங்கியது போகாது.

ஊறவச்ச தண்ணிய அடுத்த கோழிக்கு வச்சுக்கலாமா?

கூடாது. பச்சைக் கோழியின் ரத்தமும் கிருமியும் அதில் இருக்கிறது, உப்பும் குறைந்திருக்கும். கொட்டிவிடுங்கள். செடிக்கும் ஊற்றாதீர்கள், நம் மண்ணில் உப்புக்குக் குறைவில்லை.

மிஞ்சின கறிய என்ன பண்றது?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விடவேண்டும், மூன்று நாளுக்குள் தீர்த்துவிடவேண்டும். கறியைக் கையால் பிய்த்து, சின்ன வெங்காயம் வதக்கி, மிஞ்சிய சாஸ் ஒரு கரண்டி விட்டுப் பிரட்டினால் இடியாப்பத்துக்கு அருமையாகச் சேரும். எலும்புக்கூட்டைத் தட்டி, தக்காளி, மிளகு, பூண்டு போட்டு இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு ரசம் வையுங்கள். அந்த ரசத்துக்கு உப்புப் போடும் முன் ஒரு கரண்டி எடுத்து ருசி பாருங்கள். கொஞ்சம் உப்பு எலும்போடேயே வந்திருக்கும்.